குழந்தையை எங்கே விடுவது என்று சொல்லிவிட்டு அந்தத் தாயைத் திட்டுங்கள்

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. கட்டட வேலை நடக்கும் இடம், நடுவே உட்கார்ந்திருக்கும் குழந்தை, அதன் இடுப்பில் தாய் கட்டிவிட்ட பழைய சேலைத் துணி, துணியின் மறுமுனை தூணில் முடிச்சு. படத்தைவிட எனக்கு மனசு ஆறாதது கீழே வந்த கமென்டுகள்தான். 'இவளெல்லாம் ஒரு தாயா?', 'வளர்க்க வக்கில்லாதவங்க எதுக்குப் பெத்துக்கறாங்க?', 'குழந்தையைப் பிடுங்கி ஹோம்ல விடுங்க.' இதை எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதுதான் அதிகம் வலிக்கிறது.

அந்தத் தாய் துணியை ஏன் கட்டினார் என்று ஒருவராவது யோசித்தீர்களா? கம்பி, ஜல்லி, கலவை இயந்திரம், மூடாத தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிற இடம் அது. தலையில் கலவைச் சட்டியோடு மாடி ஏறி இறங்கும் சித்தாள், தவழ்கிற குழந்தை தொட்டிப் பக்கம் போய்விடக் கூடாதே என்றுதான் கட்டியிருக்கிறார். அவர் கையில் இருந்த ஒரே பாதுகாப்பு அந்தத் துணி. திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: குழந்தையை எங்கே விட்டுவிட்டு அவர் வேலைக்கு வர வேண்டும்? கூலிப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு அரசாங்கமே காப்பகம் நடத்த வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

'அங்கன்வாடி இருக்கிறதே' என்று உடனே வருவீர்கள். இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்களாக வளர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நம் ஊரில் இரண்டு வயதுக்குப் பிறகுதான் குழந்தையை அங்கே உட்கார வைக்க முடியும். அதற்கு முன்னால் கிடைப்பது சத்துமாவும் தடுப்பூசியும் எடை பார்ப்பதும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் தாய் வேலைக்குப் போகும்போது சத்துமாவு பாக்கெட்டா குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்? இரண்டு வயது முடிந்த பிறகும் நேரம் ஒத்துவராது. சித்தாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தளத்தில் நிற்க வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். மையம் அதற்கு எவ்வளவோ முன்பே பூட்டிவிடும். மாதச் சம்பளக்காரப் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கூலிப் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. அதை வைத்து எத்தனை மாதம் வீட்டில் இருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிரசவத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் குழந்தையை எங்கே விடுவது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1948 தொழிற்சாலைச் சட்டம், 1976-இல் திருத்திய பிறகு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நம் தெருவில் எழும்புகிற மூன்று மாடி வீட்டில் 50 பெண்களா வேலை செய்கிறார்கள்? ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களின் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வராது. அதே ஆண்டு கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கு என்று செஸ், அதாவது தனி வரி, வாங்க இன்னொரு சட்டமும் வந்தது. அப்படி வசூலான பெரும்பணம் செலவாகாமல் கிடப்பதை 2018-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆகவே 'பணத்துக்கு எங்கே போவது' என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன். என் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நின்றவர் இல்லை, நிறுத்தப்பட்டவர். நான் கைக்குழந்தை, அம்மா களையெடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வேலியோரம் நிற்பாராம், உள்ளே பாடம் நடப்பது கேட்கும் என்று. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் வங்கிப் படிவத்தை என்னிடம்தான் நீட்டுவார். நிரப்பிக் கொடுக்கும்போது எனக்குக் கை கூசும். பள்ளியிலிருந்து நின்றுபோன பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அவர்களில் எத்தனை பேர் வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

'பாட்டி தாத்தா இல்லையா?' அந்தப் பாட்டியும் கூலிக்குத்தான் போகிறார்.

'அரசாங்கக் காப்பகத்தில் கைக்குழந்தையை நம்பி விட முடியுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இது நியாயமான பயம், இதற்கு மட்டும் பொறுமையாகவே பதில் சொல்வேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலருக்குக் காப்பகம் என்று அறிவித்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கூடினார்கள். ஆனால் வேகமாகப் பெருகிய இடங்களில் தரம் ஒரே மாதிரி இல்லை. குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்லின. ஆக, கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தினமும் அதே முகம் வேண்டும், அழுதால் தூக்க ஒரு கை வேண்டும். ஒருவரிடம் இருபது குழந்தைகளை விட்டால் தூக்குவது நடக்காது, அடக்குவதுதான் நடக்கும்.

அந்த முகம் யார்? இப்போதைக்கு நம்மிடம் இருப்பது அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும்தான். 2018-இல் உயர்த்திய பிறகு டீச்சருக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது, சரி. ஆனால் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாடமும் சமையலும் போக, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, ஊட்டச்சத்துக் கணக்குக்கான போஷன் டிராக்கர் செயலியில் பதிவு, அப்புறம் தேர்தல் வேலை. இத்தனையும் செய்பவர்களிடம் கைக்குழந்தைகளையும் கொடு என்று நான் கேட்கவில்லை. 'அங்கன்வாடிக்காரர்களைக் குறை சொல்கிறாள்' என்று திரிக்கப் பார்ப்பீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கைக்குழந்தைகளுக்கென்று தனி ஆள் போடுங்கள், பயிற்சி கொடுங்கள், குடும்பம் நடத்தக்கூடிய சம்பளம் கொடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்களுக்குத் தானாக வரும் என்று நினைப்பதால்தானே அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை? வீட்டில் அக்காவிடம் இலவசமாக வாங்கினோம், மையத்தில் ஆயாவிடம் அரைக்கூலிக்கு வாங்குகிறோம்.

1969-லேயே டெல்லியில் கட்டடத் தளத்துப் பிள்ளைகளுக்காக மொபைல் கிரஷஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, வேலை நடக்கிற இடத்திலேயே காப்பகம் நடத்திக் காட்டினார்கள். எப்படிச் செய்வது என்று தெரியாததால் நாம் இதைச் செய்யாமல் இருக்கவில்லை.

கமென்ட் பகுதி திறந்திருக்கிறது. செலவு, நேரம், எந்த வயதிலிருந்து என்று எதைப் பற்றியும் என்னோடு சண்டை போடுங்கள். அந்தப் பெண்ணைத் திட்டுகிற கமென்டை மட்டும் அழித்துவிடுவேன். அவர் பெயர், ஊர் தேடி யாரும் இங்கே வர வேண்டாம். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள், குழந்தையின் முகம் தெரிகிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.