மருந்துக்கு மசியாத கிருமி சூட்டுக்கு மசியும்

தானமாகப் பெறப்பட்ட தாய்ப்பாலில் ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருந்ததென்ற செய்தி அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. கூடவே, ‘இனி யார் பாலையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்’ என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகளைப் பார்த்தே காலம் கழித்தவன் நான். செய்தியில் உண்மை இருக்கிறது; அந்த ஒட்டுவரியில்தான் இல்லை.

தாய்ப்பால் எப்போதுமே கிருமியற்றதாக இருந்ததில்லை. ஆரோக்கியமான தாயின் பாலிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை இயல்பாகவே இருக்கும். மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் கொழகொழவென்று இளஞ்சிவப்பாக எழும் கிளெப்சியெல்லாவோ, ரத்த அகாரில் சுற்றிலும் தெளிந்த வளையத்துடன் பொன்னிறமாகத் திரளும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸோ, அதாவது நோய் உண்டாக்கக்கூடியவை, தென்படும்போதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அந்த ஆரியஸைப் புதிய தட்டில் பரப்பி, செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊறிய வில்லையை வைத்து, மறுநாள் பார்த்தால் சில வேளைகளில் வில்லையின் விளிம்புவரை பாக்டீரியா வளர்ந்திருக்கும்; மருந்து அதைத் தடுக்கவில்லை என்று பொருள். மெக்-ஏ என்ற மரபணுவின் துணையால், மருந்து வந்து ஒட்ட முடியாத புரதத்தைக் கொண்டு அது தன் செல்சுவரைக் கட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்தத் திறமை மருந்தோடு முடிந்துவிடுகிறது. தாய்ப்பால் வங்கிகள் கையாளும் ஹோல்டர் முறையில் பால் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கப்படும்போது, மருந்துக்கு அடங்கும் ஆரியஸும் அடங்காத ஆரியஸும் ஒன்றுபோலவே சாகின்றன. உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா கடினமான உறைக்குள் உறங்கும் வித்துகள். அவை அந்தச் சூட்டைத் தாங்கிப் பிழைக்கும். மற்றொன்று, ஆரியஸ் ஏற்கெனவே பாலில் சுரந்துவிட்ட நச்சு. பாக்டீரியா செத்த பின்னும் அது அழியாது. அதனால்தான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சூடாக்குவதற்கு முன்பே ஒரு மில்லிலிட்டரில் மொத்தம் 1,00,000 பாக்டீரியாவோ, ஆரியஸ் மட்டும் 10,000-மோ தாண்டினால் பாலை ஏற்க வேண்டாம் என்கிறது. சூடாக்கிய பின் 10 எண்ணிக்கை வந்தாலே கொட்டிவிடச் சொல்கிறது.

இறந்த பாக்டீரியாவின் மரபணுத் துண்டுகள் எஞ்சுமே, அவை குழந்தையின் குடல் பாக்டீரியாவுக்கு எதிர்ப்புத்திறனைக் கொடுத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் அதே மரபணுக்கள் பெற்ற தாயின் பாலிலும் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதக் குழந்தைக்கு நேரடியாகச் செலுத்தப்படும் ஆன்டிபயாட்டிக்குகள், அதன் குடலில் எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளுக்கு வழிவிடுவதை யாரும் பகிர்வதில்லை. செயற்கைப் புட்டிப்பாலோடு ஒப்பிட்டால் தானப்பால் அக்குழந்தைகளின் குடல் அழுகல் நோயைக் குறைக்கிறதென்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. அச்சத்தில் அதை விட்டுக்கொடுப்பது மோசமான பேரம்.

சூடு காணாத பாலின் கதை வேறு. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையம் வழியே தாய்ப்பால் வாங்கிச் சோதித்தபோது, 101 மாதிரிகளில் 74 விழுக்காட்டில் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவோ (கிளெப்சியெல்லா இந்த வகைதான்), மில்லிலிட்டருக்கு 10,000-க்கு மேற்பட்ட பாக்டீரியாவோ இருந்தன. அங்கே மருந்து எதிர்ப்புத்திறன் உண்மையாகவே அச்சம் தரும். உயிரோடு உள்ளே போகும் கிருமி நோயை உண்டாக்கினால், கொடுக்கும் மருந்து பலிக்காமல் போகலாம்.

இந்தக் கிருமிகள் பெரும்பாலும் பாலில் பிறப்பதில்லை, வழியில் ஏறிக்கொள்கின்றன. தாய்ப்பால் எடுக்கும் பம்பின் அடைப்பிதழைக் கழற்றிப் பாருங்கள். நகக்கண்ணளவு மெல்லிய அந்த ரப்பரின் மடிப்பில் ஒரு சொட்டுப் பால் காய்ந்து மஞ்சளித்திருக்கும். ஈரம் உலராத குழாயும், கழுவிக் கவிழ்த்து வைக்காத புட்டியும் ஈரத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குத் தோதான வீடு.

தானமாக வரும் ஒவ்வொரு புட்டியையும் மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தி, எதிர்ப்புக் கிருமி இருந்தால் விலக்கச் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சூடாக்குவதே முடிவு செய்துவிடும் விஷயத்துக்கு அது வீண்வேலை. ஒரே எதிர்ப்பு வகை பல தாய்மாரின் பாலில் தொடர்ந்து வந்தால் மட்டும், பொதுவாகப் பயன்படுத்தும் பம்பையோ கழுவும் தொட்டியையோ தேடிப் பிடிக்க அது உதவும். அதைவிட அவசரமானது, பால் நிராகரிக்கப்பட்ட தாயிடம் காரணத்தைச் சொல்வது. ‘உங்கள் பால் சரியில்லை’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பப்படுகிறவர் தன் உடம்பில் ஏதோ குறை என்றெண்ணித் தானம் தருவதை நிறுத்திவிடுகிறார். அந்த ரப்பர் அடைப்பிதழை அவர் கையில் கொடுத்துக் காட்டியிருந்தால் போதும்.