முதல் ஊசி யார் கையில்?

"பொம்மைக்கு ஊசி போட்டுப் படிச்ச பிள்ளைங்ககிட்டயா நாளைக்கு நம்ம கையை நீட்டணும்?" நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்று தெரிந்தால் விசேஷ வீடுகளில் தப்பாமல் வரும் கேள்வி இது. பொம்மையைத் தொடாமலே வார்டுக்கு வரும் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம் அதிகம்.

வலிப்போடு ஒரு கர்ப்பிணியைப் பிரசவ வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று வையுங்கள். மாணவிகள் காதில் விழும் முதல் வார்த்தை, "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஓரமா நில்லுங்க." அது சரிதான். உயிர் ஊசலாடும்போது யாரும் பாடம் நடத்த முடியாது. ஆனால் சுவரோரம் நின்ற பிள்ளை பார்த்ததெல்லாம் டாக்டரின் முதுகு. லாக் புக்கில் கையெழுத்து மட்டும் வந்துவிடும்.

அதே கேஸை சிமுலேஷன் லேபில், அதாவது பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் அறையில் நடத்தினால், வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டை மாணவியே எடுக்க வேண்டும். அடுத்த டோசுக்கு முன்னால் முழங்காலைத் தட்டிப் பார்த்தாயா? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா? யூரின் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா? அந்த மருந்து அதிகமானால் முறிக்கிற கால்சியம் குளுக்கோனேட் பக்கத்தில் இருக்கிறதா? ஒன்றை விட்டாலும் பொம்மையின் மூச்சை நான் நிறுத்திவிடலாம். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, எந்த இடத்தில் தவறவிட்டாய், அப்போது மனதில் என்ன ஓடியது என்று நிதானமாகப் பேசுவோம். டீப்ரீஃபிங் என்று பெயர். என்னைக் கேட்டால் சிமுலேஷனின் உயிரே அதில்தான். வார்டில் தவறு நடந்தால் கிடைப்பது திட்டு. திட்டு வாங்கியவள் அடுத்த முறை தவறை மறைக்கப் பழகிக்கொள்கிறாள்.

அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில், வார்டு நேரத்துக்குச் சிமுலேஷன் ஈடாகுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டது. 10 கல்லூரிகள், 600-க்கு மேற்பட்ட மாணவர்கள். ஒரு பிரிவுக்கு வார்டு நேரத்தில் 25 சதவீதம், இன்னொரு பிரிவுக்கு 50 சதவீதம் சிமுலேஷன். மூன்றாவது பிரிவு வழக்கம்போல் பெரும்பாலும் வார்டில். உரிமத் தேர்விலும் சரி, வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்திலும் சரி, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை மேடையில் சொல்பவர்கள், அந்த ஆசிரியர்களுக்கு டீப்ரீஃபிங்கில் தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள் என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. பாடத்திட்டம் கிளினிக்கல் நேரத்தில் சுமார் 10 சதவீதத்தை சிமுலேஷனுக்கு விட்டிருக்கிறது. அந்தப் பத்து சதவீதமாவது ஒழுங்காக நடக்கிறதா? நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மேனிக்கின் என்கிற பயிற்சிப் பொம்மையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று அதற்குப் புது பெட்ஷீட் போர்த்துவார்கள், மறுநாள் லேப் பூட்டப்படும். வெளியே இருந்தது, மருந்து ஏற்ற நரம்பில் செருகும் கேனுலா குழாயைப் போட்டுப் பழகும் ரப்பர் கை ஒன்றுதான். அதிலும் எல்லோரும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருந்தது. பிள்ளைகள் நரம்பைத் தேடவே மாட்டார்கள், ஓட்டையைத் தேடி ஊசியை விடுவார்கள். சிவப்புத் தண்ணீர் வரும், கைதட்டுவார்கள்.

இவர்கள் வார்டுக்குப் போனால் அங்கே சர்க்கரை நோயால் மெலிந்த ஒரு பாட்டியின் கை இருக்கும். நரம்பு தெரியும், ஊசி தொட்டதும் நழுவும். "நேத்தே நாலு குத்து குத்திட்டாங்க தாயி, பெரிய சிஸ்டரை வரச்சொல்லு" என்பார். பக்கத்தில் மகன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்குவதை ரப்பர் கை கற்றுத்தராது. அதனால்தான் வார்டுக்கு மாற்று லேப் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. சொந்த ஆஸ்பத்திரியைக் கணக்குக்கு மட்டும் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு அது நல்ல சாக்காகிவிடும்.

ஆனால் அந்தப் பாட்டி யார் என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் காசு கட்டிய நோயாளி மேல் மாணவியைக் கைவைக்க விடுவதில்லை. தனியார் கல்லூரி பஸ்கள் காலையில் வரிசையாக நிற்பது அரசு ஆஸ்பத்திரி வாசலில். பழகாத கையின் முதல் ஊசியை ஏழை நோயாளி வாங்கிக்கொள்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்பவர்கூட இல்லை. இருபது முப்பது பிள்ளைகளை வார்டில் இறக்கிவிட்டு டியூட்டர் ரெக்கார்டு திருத்தப் போய்விட்டால், எத்தனை ஆயிரம் மணி நேரம் வார்டில் நின்று என்ன பயன்? அவர்கள் பி.பி. பார்த்து, பெட்ஷீட் மாற்றி, பஸ் ஏறிவிடுவார்கள்.

அட்மிஷனுக்கு அலைந்துகொண்டிருக்கும் பெற்றோர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டையும் ஃபீஸையும் விசாரிப்பதோடு, மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக லேபுக்குள் எப்போது போனாய்? வார்டில் நீ முதல் ஊசி போட்டபோது பக்கத்தில் யார் நின்றார்கள்? பிரின்சிபாலிடம் கேட்காதீர்கள், அவர் ப்ரோஷரைத்தான் நீட்டுவார்.