பாலாத்துப் பாலத்துல போன் அடிச்சா நான் எடுக்க மாட்டேன்

முதல்லயே சொல்லிடறேன், நான் போனுக்கு எதிரி இல்ல. ஆனா சில மாசமா எங்க வீட்ல நடக்கிற கூத்தைப் பாத்தா, சைக்கிள் ஓடறது பெடலால இல்ல, போனாலதான்னு தோணுது.

வேலூர்ல, விருதம்பட்டுல இருந்து சத்துவாச்சாரிக்கு தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். பாலாத்துப் பாலம், புது பஸ் ஸ்டாண்டு, கிரீன் சர்க்கிள், அப்புறம் சர்வீஸ் ரோடு. சித்திரையில ஒரு சாயங்காலம் திரும்பி வர்றப்போ பாலத்து நடுவுல பின் டயர் புஸ்ஸுன்னு உக்காந்துடுச்சு. அன்னிக்குன்னு பாத்து போனை சார்ஜர்லயே விட்டுட்டு வந்திருந்தேன்.

இறங்கித் தள்ளினேன். மணி அஞ்சரை, வெயில் இன்னும் இறங்கல. பாலத்துச் சுவர்ல கை வெச்சா பொரிஞ்சுடும். கீழ மணல். 2021 நவம்பர்ல இதே ஆறு கரை புரண்டு போனப்போ, ஊரே வந்து வேடிக்கை பாத்த இடம் அது. இப்போ நான் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறேன், ஒவ்வொரு பஸ்ஸும் முழங்கையை உரசாத குறையா போவுது.

பாலம் தாண்டினா, முன்னாடியெல்லாம் ஒரு தாத்தா பஞ்சர் கடை போட்டிருப்பாரு. டியூபைத் தொட்டித் தண்ணில அமுக்கி, குமிழி வர்ற ஓட்டையில தீக்குச்சி சொருகி, அரத்தால தேச்சு, சொல்யூஷன் தடவி, வாயால ஊதி, ஒட்டுப் போட்டுத் தருவாரு. பேச்சுத் துணை வேற. இப்போ அதே இடத்துல டியூப்லெஸ் போர்டு. "சைக்கிளாக்கா? அதெல்லாம் பாக்கறதில்ல." சரி, பெட்ரோல் பங்க்ல காத்தாவது அடிக்கலாம்னு போனா, அந்தக் குழாய் முனை நம்ம சைக்கிள் வால்வுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் ஓட்டை டியூபுல எவ்ளோ நேரம் நிக்கும்?

அந்தக் கடைக்குப் பஞ்சர் பாக்க வந்த ஒரு பைக் தம்பி பாவம் பாத்து, "இன்னாக்கா, போன் கூட இல்லாமயா கிளம்புனீங்க?"ன்னு தன் போனை நீட்டுனான். வாங்கிட்டேன். வீட்டுக்காரர் நம்பர் எட்டு இலக்கம் வரைக்கும் சரியா வந்துச்சு. மிச்சம் ரெண்டு? வரல. கல்யாணமாகி பதினேழு வருஷம். ஆனா குடியாத்தத்துல எங்கப்பா வீட்டு லேண்ட்லைன் நம்பர், இணைப்பைத் துண்டிச்சு எத்தனையோ வருஷமான நம்பர், கடகடன்னு வாயில வருது! போனைத் திருப்பிக் குடுத்துட்டு மறுபடியும் தள்ளினேன். அந்தக் காலமா இருந்தா பெட்டிக்கடையில செவப்பு போன் டப்பா தொங்கும், ஒரு ரூபாய் போட்டு விஷயத்தைச் சொல்லிட்டு வந்திருக்கலாம். அதுவும் போச்சு, பஞ்சர் கடையும் போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு, "போன் இல்லாம ஏன் வந்த?"ன்னு கேள்வி மட்டும் நம்மகிட்ட.

முக்கால் மணி நேரம் லேட். வீட்டு வாசல்ல மாமியார், "எங்க கீற, இன்னா ஆன, ஒண்ணும் தெரியலயே, வயித்துல நெருப்பக் கட்டிக்கினு உக்காந்துனு கீறேன்." வீட்டுக்காரர், "ஒரு போன் பண்ணக்கூட முடியாதா?" தம்பி வேற ஸ்கூட்டர்ல தேடக் கிளம்பிட்டான். அவங்க பயந்தது நிஜம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர், டயர் என்னாச்சுன்னு கேட்டாங்களா?

அன்னில இருந்து சட்டம் போட்டாச்சு. போன் கூடவே இருக்கணும், அடிச்சா எடுக்கணும். எங்க வைக்கிறது? சுடிதாருக்குப் பாக்கெட் வெச்சுத் தைங்கன்னா டெய்லர் சிரிக்கிறாரு. கைப்பையில வெச்சா சத்தம் கேக்கல. முன்னாடி கூடையில வெச்சா ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளுது, கத்திரி வெயில்ல சூடேறி தானா அணைஞ்சே போச்சு. அணைஞ்ச அன்னிக்கும் எனக்குத்தான் திட்டு.

போன வாரம் பாலத்து மேல நாலு தடவை விடாம அடிச்சுது. ஏதோ ஆபத்துன்னு நெஞ்சு திக்குன்னுச்சு. பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்க, ஓரமா ஒதுங்கி நின்னு, கை நடுங்க எடுத்தா, "வர்றப்போ கறிவேப்பிலை வாங்கிட்டு வா." கறிவேப்பிலை! அதுக்குத்தான் என் உயிரை ஒரு அடி தள்ளி நிறுத்துனீங்க.

பக்கத்துலயே ஒருத்தர் ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிக்கிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்ச்சுப் பேசிக்கிட்டே என்னைக் கடந்து போறாரு. கையில போனைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறதை ஆபத்தான ஓட்டம்னு 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல சேத்தாங்க. சைக்கிள் மோட்டார் வண்டி இல்ல, அந்தச் சட்டம் என்னைத் தொடாது. ஆனா லாரிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

நான் விழுந்தா 108க்கோ 112க்கோ அடிக்க ஒரு போன் வேணும், மறுக்கல. பூட்டின போன்ல இருந்தும் அவசர எண்ணுக்கு அடிக்கலாம், வீட்டு நம்பரைப் பூட்டுத் திரையிலயே தெரியற மாதிரி வெக்கலாம், வெச்சுட்டேன். அதனால போன் வரும். சத்தத்தை அணைச்சு, டிபன் டப்பாவுக்கு அடியில வரும். நின்ன இடத்துல நானா எடுத்துப் பாப்பேன். அதுவரைக்கும் கறிவேப்பிலை இல்லாமயே ரசம் தாளிங்க.

ஆனா கட்டாயம்னு ஒண்ணு சொல்லணும்னா, எனக்குக் கைப்பம்பு, வால்வுல மாட்டற சின்ன ரப்பர் வால்டியூப் ரெண்டு, ஒரு ஒட்டுப் பாக்கெட். அப்புறம் சீட்டுக்கு அடியில டேப் ஒட்டி வெச்சிருக்கிற, வீட்டுக்காரர் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு. பத்து இலக்கமும் எழுதியிருக்கேன்.

பம்பு மட்டும் இப்போ கையில இல்ல. தம்பி பையன் புட்பாலுக்குக் காத்தடிக்க எடுத்துட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரல. சாயங்காலத்துல இருந்து அடிக்கிறேன், போனை எடுக்கவே மாட்டேங்கிறான்.