மறிக்க மட்டும் தெரிந்தால் போதாது

மாரியில் குளங்களின் வான் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு) பாயத் தொடங்கினால் வன்னிக்காரரின் முகநூல் முழுக்க வெள்ளை நுரைதான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று ஆளாளுக்குப் படம் போடுவார்கள். போடட்டும். குளம் நிரம்பினால் எல்லாருக்கும் சந்தோசம்தானே. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே ஒவ்வொரு வருசமும் தவறாமல் ஒரு கருத்து வரும்: "இவ்வளவு தண்ணியையும் வீணாக் கடலுக்கு விடுறாங்கள், குளக்கட்டை இன்னும் ரெண்டடி உயர்த்தினால் என்ன?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதென்றால் பொறியியல் என்றால் என்ன என்பதில் இருந்தே தொடங்க வேண்டும்.

பள்ளிக்கூடப் புத்தகங்களில் தொழில்நுட்ப வரலாறு சக்கரத்தில் தொடங்கி நீராவி, மின்சாரம், கணினி என்று ஓடும். எல்லாமே எதையோ பெரிதாகவும் வேகமாகவும் செய்த கதை. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு விசையை அடைத்து வைத்த மனிதன், அதைச் சேதமில்லாமல் வெளியே விடும் வழியையும் கண்டுபிடித்த இடத்தில்தான் பொறியியல் தொடங்குகிறது. ஆற்றுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி மறிக்க ஆள்பலம் இருந்தால் போதும். மறித்த தண்ணீரைத் தேவையான நாளில், தேவையான அளவில், கட்டுக் கரையாமல் எடுப்பதற்குத்தான் அறிவு வேண்டும். குளத்தில் அந்த அறிவு இருக்கும் இடங்கள் இரண்டு: வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசும், மிஞ்சியதை வெளியேற்றும் வானும்.

முதலில் துருசு. கட்டுக்கு உள்ளே 8 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைப்போம். அடியில் ஒரு துவாரம் விட்டால் தண்ணீர் செக்கனுக்கு 12 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பீறிடும். மணிக்கு 45 கிலோமீற்றர். சாதாரண மண் வாய்க்கால் அரிபடாமல் தாங்குவது செக்கனுக்கு ஒரு மீற்றருக்குக் கிட்டத்தான். அதே ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் கதவு போட்டால் அதன்மேல் 8 தொன் பாரம் அழுத்தும். அந்த அழுத்தத்தோடு கதவு சட்டத்தில் உரசும்போது, அதைத் தூக்குவதற்கே இரண்டு மூன்று தொன் விசை வேண்டும். கிறீஸ் காணாத, கறள் பிடித்த கதவுக்கு இன்னும் கூட.

திருகாணித் தண்டும் வார்ப்பிரும்பும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? சிங்களத்தில் பிசோகொட்டுவ என்று சொல்லும் கற்கிணறு அதற்கான விடை. கட்டின் தண்ணீர்ப் பக்கச் சரிவில், மேலே திறந்த ஒரு சதுரக் கிணறு. சுற்றிவரக் கல், பின்னால் களிமண். குளத்துத் தண்ணீர் அடியிலுள்ள மதகு வழியே கிணற்றுக்குள் வந்து, வேகம் தணிந்து, இன்னொரு மதகு வழியே கட்டுக்குக் கீழால் வெளியே போகும். அளவைக் கட்டுப்படுத்தும் வேலை கிணற்றுக்குள். கட்டின் உச்சியில் இருந்தே அதை அணுகலாம். பிரித்தானியர் கால நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் மிகப் பிந்தி வந்த வால்வுக் கோபுரங்களுக்கு இது முன்னோடி என்பது அவருடைய கருத்து. இரணைமடுவுக்கு 1885இல் திட்டம் வரைந்தவரும் அவரே. வேலை தொடங்கியது 1902இல், முடிய ஏறத்தாழ இருபது வருசம்.

(பழைய குளங்களை யார் கட்டினார்கள் என்று இங்கே யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது துருசு ஒழுகுகிறது.)

இதே சிக்கல் நீராவிக்கும் வந்தது. தெனி பப்பன் 1679இல் இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பை அவித்துக் காட்டினார். அந்தப் பாத்திரம் வெடிக்காமல் இருக்க அவர் கண்ட வழி, பாரம் தொங்கவிட்ட ஒரு வால்வு. அழுத்தம் கூடினால் அது தானாகத் திறந்து ஆவியை விடும். பிறகு உயர் அழுத்த இயந்திரங்கள் வந்தன. 1803இல் கிறீனிச்சில் ரிச்சர்ட் திரெவிதிக்கின் கொதிகலன் ஒன்று வெடித்து நாலு பேர் செத்தார்கள். வால்வைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிட்டு, பார்க்க வேண்டிய ஆள் அப்பால் போயிருந்தார். அதற்குப் பிறகு திரெவிதிக் கொதிகலனுக்கு இரண்டு வால்வு வைத்தார். அதில் ஒன்று இயக்குபவரின் கைக்கு எட்டாத இடத்தில். தண்ணீர் வற்றிச் சூடு கூடினால் உருகி ஆவியை விடும் ஈய அடைப்பையும் சேர்த்தார். இன்றைய பிரஷர் குக்கர் மூடியிலும் அந்த உருகும் அடைப்பு இருக்கிறது. இயந்திரத்தைப் பலமாக்கியதைவிட, ஆள் மறந்தாலும் தானாக விட்டுக்கொடுக்கும் பாகத்தைச் சேர்த்ததையே நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

குளத்தில் அந்த வேலையைச் செய்வது வான். துருசு ஆளுக்குக் கட்டுப்பட்டது. கதவில்லாத வான் ஆளைக் கேட்காது, மட்டம் வந்தால் பாயும்.

இங்கேதான் அந்த இரண்டடிக் கேள்விக்குக் கணக்குப் போட வேண்டும். 60 மீற்றர் நீளமான ஒரு வான். அதன் உச்சிக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் செக்கனுக்கு ஏறத்தாழ 100 கனமீற்றர் வெளியேறும். அரை மீற்றர்தான் ஏறியது என்றால் பாதி வெளியேறும் என்று நினைப்பீர்கள். இல்லை, 36தான். ஏறும் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு (power 1.5) ஏற்ப ஓட்டம் மாறும். இனி, சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) தண்ணீர் சேர்க்கிறோம் என்று வான்மேல் ஒரு அடிக்கு மண்மூடை அடுக்குகிறார்கள். கட்டு உயரவில்லை, அதனால் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டமும் பழையதுதான். வானுக்கு மேலே முன்பு 1 மீற்றர் இடம் இருந்தது, இப்போது 70 சென்றிமீற்றர். வெளியேற்றக்கூடிய அளவு 100இல் இருந்து 60க்கு விழுந்துவிட்டது. ஒரு அடி மூடை, நூற்றுக்கு நாற்பது வெள்ளவழியைத் தின்றுவிடுகிறது. வெள்ளம் வந்தால் மூடை தானாக அள்ளுண்டு போய்விடும் என்பது பலரும் சொல்லும் சமாதானம். எல்லா மூடையும் ஒரே நேரத்தில் போகும் என்று யார் உறுதி தருவது?

மூடை அடுக்குகிறவர்களின் ஆசையும் எனக்கு விளங்கும். ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள குளத்தில் ஒரு அடி என்றால் 1,000 ஏக்கர் அடி தண்ணீர். ஏக்கர் நெல்லுக்கு ஐந்து ஏக்கர் அடி என்று வைத்தாலும் 200 ஏக்கர் சிறுபோகம். கமக்காரருக்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் வானை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்ரவுன் சாட்சி. அங்கே பழைய மண்ணணை ஒன்று பணக்காரரின் பொழுதுபோக்குக் கழகத்தின் கையில் இருந்தது. அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்கள் ஏற்கெனவே கழற்றி விற்கப்பட்டுவிட்டன, திரும்பப் போடவில்லை. வண்டி போவதற்காக அணையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க வானில் வலை அடித்தார்கள். 1889 மே 31 பெருமழையில் வலையில் குப்பை அடைத்து, தண்ணீர் கட்டுக்கு மேலால் ஏறியது. 2,209 பேர் போனார்கள்.

அப்படியென்றால் கட்டை உயர்த்தவே கூடாதா? உயர்த்தலாம். இரணைமடுவும் பல தடவை உயர்த்தப்பட்டதுதான். ஆனால் மேலே இரண்டடி மண் போட்டால் முடிகிற வேலை அல்ல அது. 30 அடி உயரம், 12 அடி உச்சி, உட்சரிவு ஒன்றுக்கு இரண்டரை, வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு. இந்தக் கட்டை 32 அடி ஆக்கினால் அடி அகலம் 9 அடி கூடும். ஒரு மைல் நீளத்துக்கு ஏறத்தாழ 16,000 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி). பழைய சரிவின் புல்லையும் மேல்மண்ணையும் வழித்து, படிபடியாக வெட்டித்தான் புதுமண்ணைச் சேர்க்க வேண்டும். அப்படியே கொட்டினால் பழசுக்கும் புதுசுக்கும் இடையில் தண்ணீருக்கு ஒரு பாதை கிடைக்கும். துருசின் கதவும் தண்டும் கூடிய அழுத்தத்துக்கு மாற வேண்டும். வானைத் திரும்பக் கணக்கிட வேண்டும். அலைகரையில் (குளத்துத் தண்ணீர் பரவும் மேற்பக்க ஓரத்தில்) மூழ்கப்போகிற வயல்களுக்கு யார் பதில் சொல்வது என்பது வேறு.

மண்ணைப் பற்றிய அறிவு மனிதனுக்கு வரிசைப்படி வந்தது மிகப் பிந்தித்தான். மணலூடாகத் தண்ணீர் எவ்வளவு கசியும் என்பதற்கு ஹென்றி டார்சி விதி தந்தது 1856இல். மண்விசையியலை ஒரு துறையாக நிறுத்திய கார்ல் தெர்சாகியின் நூல் 1925இல். எந்த ஈரத்தில் அமத்தினால் மண் அதிகம் இறுகும் என்று ரால்ப் புறொக்டர் எழுதியது 1933இல். அதற்கு முன்னே உலகமெங்கும் மண்கட்டுகள் அனுபவத்தில் நின்றன, அனுபவத்தில் உடைந்தன. கைப்பிடி மண்ணை அமத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக்கூடாது: ஈரத்தையும் இறுக்கத்தையும் காட்டும் புறொக்டரின் வளைகோட்டுக்கு வயல்வெளியில் இதுதான் கைக்கணக்கு. 20 சென்றிமீற்றர் படை போட்டு, றோலர் ஓட்டி, அடுத்த படை. ஒரு மீற்றர் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் றோலர் ஓட்டினால் பார்வைக்கு வடிவாக இருக்கும், அடி பொருமலாகவே கிடக்கும்.

மண்கட்டு மேலால் பாய்ந்து உடைவது ஒரு வகை. உள்ளால் அரித்து உடைவது இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் வருவது. தண்ணீர் கசியும்போது வெளிப்பக்கம் ஒரு மணியளவு மண்ணைக் கொண்டுபோகும். அதனால் கசியும் பாதையின் நீளம் குறையும், வேகம் கூடும், அடுத்த மணி போகும். இப்படித் துவாரம் வெளியிலிருந்து உள்ளே குளத்தை நோக்கி வளரும். 1986 ஏப்ரல் 20 விடியற்புறம் கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நமக்குத் தூரத்து ஊர் அல்ல.

கட்டின் அடியில் கசிவு கண்டால் முதலில் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் அளந்து குறித்துக்கொண்டு கவனிக்கலாம். கலங்கல் என்றால் மண் போகிறது, உடனே அறிவிக்க வேண்டும். இங்கே எல்லாரும் செய்யும் பிழை, வெளிப்பக்கத்தில் களிமண்ணால் அடைப்பது. அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறி வேறு இடத்தால் பிய்க்கும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைத்தான் நிறுத்த வேண்டும். ஊற்றுக்கு மேலே முதலில் பருமணல், அதன்மேல் சிறுகல், அதற்கும் மேலே பெருங்கல். சுற்றிவர மண்மூடை வளையம் போட்டால் உள்ளே தண்ணீர் மட்டம் உயர்ந்து ஊற்றின் வேகம் தணியும். தெர்சாகி வகுத்த வடிகட்டி விதியும் இதுதான்: தண்ணீர் போகும் அளவுக்குப் பருமன், மண் போகாத அளவுக்கு நுண்மை.

கசிவு பெரும்பாலும் தொடங்கும் இடம் துருசுக் குழாயின் பக்கவாடு. வட்டக் குழாயின் அடிவயிற்றுக்குள் றோலர் போகாது. அங்கே கையால் இடித்துத்தான் மண்ணை இறுக்க வேண்டும், 10 அல்லது 15 சென்றிமீற்றர் படையாக. ஒப்பந்தக்காரருக்கு அவசரம் என்றால் முதலில் விடுபடுவது அந்த இடந்தான். பிறகு மேலே எத்தனை மூடை சீமெந்தில் கொங்கிறீட் போட்டாலும் பயனில்லை. கட்டில் வளர்ந்த பெருமரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவதும் இதே கதைதான். சில வருசத்தில் வேர் உக்கி, அதன் பாதை குழாயாகும்.

கதவு வைத்த வானுக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது, அது இரும்பில் இல்லை. முன்கூட்டித் திறந்து பிறகு மழை வராவிட்டால் "தண்ணியை வீணாக்கினவன்" என்று திட்டு. பிந்தித் திறந்தால் கீழூர் வெள்ளத்தில். 2018 டிசெம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடுக் கதவுகளைத் திறந்த நேரம் பற்றி நடந்த வாக்குவாதங்களை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றில் மேலே சின்னக் குளங்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன. அதில் ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் கீழே வரும். ஆகவே மேற்குளங்களின் மட்டமும் மழையளவும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கீழே வரவேண்டும். எந்த மட்டத்தில் எத்தனை கதவு எத்தனை அடி என்ற அட்டவணையை மாரிக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். அதற்குச் செலவு ஒரு தொலைபேசியும் ஒரு பலகையும்தான். நடு இரவில் ஒரு மனிதனின் துணிவை நம்பியிருக்கும் கதவை நான் தொழில்நுட்பம் என்று சொல்லமாட்டேன்.

காலபோக (மாரிகால நெற்செய்கை) கூட்டத்தில் விதைப்புத் திகதிக்கு மணிக்கணக்காகக் கதைக்கிறோம். இந்த முறை கமக்கார அமைப்புகள் இதையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கட்டும். புரட்டாதிக்குள் துருசுக் கதவை முழுக்க மேலே ஏற்றி, முழுக்க இறக்கிப் பார்க்க வேண்டும். பாதி திறந்து பார்த்தால் கணக்கில்லை, தண்டு வளைந்திருப்பது முழு ஓட்டத்தில்தான் தெரியும். பழைய கிறீஸை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டுப் புதிது பூச வேண்டும், இல்லாவிட்டால் மணல் சேர்ந்து திருகாணியின் புரியை அராவும். கட்டின் வெளிச்சரிவில் பற்றையை வெட்டினால்தான் கசிவே கண்ணுக்குத் தெரியும். பிறகு வானில் நின்று தண்ணீர் போகும் பக்கம் நடந்து போய், வான் வாய்க்காலின் அகலத்தை நாடாவால் அளக்க வேண்டும். யாருடைய வேலி எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதிவிடுங்கள்.