கதவைத் திறக்காதே என்பது பாதிப் புத்திமதி

"பெய்லிஃப் வந்தால் கதவைத் திறக்காதே. இரண்டு மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான்."

லண்டனில் நம் ஆட்கள் மத்தியில், உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் புத்திமதியும் கூடவே வந்துவிடும். பெய்லிஃப் என்றால் கட்டாத கடனை வசூலிக்க அனுப்பப்படும் ஆள். கோயில் அன்னதான வரிசையிலும் கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப் குரல் பதிவிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சட்டப்படியும் அது பிழையில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்த பல குடும்பங்களின் கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு இது. ஸ்கொட்லாந்தில் ஆட்களும் வேறு, நடைமுறையும் வேறு. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது.

முதலில் அந்தப் புத்திமதியில் சரியாக இருக்கும் பாதி. கவுன்சில் டாக்ஸ் கடனுக்காக வரும் பெய்லிஃப் முதல் தடவை உங்கள் கதவை உடைக்க முடியாது. உங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது, ஜன்னல் வழியாக ஏற முடியாது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வரக்கூடாது. வீட்டில் 16 வயதுக்குக் கீழான பிள்ளை மட்டும் இருந்தால் உள்ளே வரக்கூடாது. கடிதத்தில் 'என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்' என்று போட்டிருப்பார்கள், அதே ஆள்தான். அவரிடம் கவுன்ட்டி கோர்ட் கொடுத்த சான்றிதழ் இருக்க வேண்டும். பெயரை வாங்கிக்கொண்டு அரசின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பேச வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்றோ மேல்மாடி ஜன்னலில் நின்றோ பேசுங்கள். ஆனால் பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு அமைதியாக உள்ளே வருவது அவருக்குச் சட்டபூர்வமான நுழைவு. கோடையில் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

உள்ளே வந்து பொருட்களைப் பட்டியல் போட்டு உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினார் என்றால் கதை மாறிவிடும். தவணை பிசகினால், முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை கதவை உடைத்துக்கொண்டு வரவும் அவருக்கு வழி உண்டு. அதனால் "உள்ளே வந்து இருந்து பேசலாமா, சும்மா ஒரு ஃபோர்ம் நிரப்பத்தான்" என்று கேட்டால், வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிடாமல் விடுவது நமக்குக் கூச்சமாக இருந்தாலும், கூப்பிடாதீர்கள்.

இதுவரைக்கும் அந்தப் புத்திமதி சரி. இனி அது சொல்லாத பாதிக்கு வருகிறேன்.

நீங்கள் கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மீற்றர் ஓடுகிறது. 2014ல் விதிகள் வந்தபோது வைத்த கணக்கு இது: கோப்பு பெய்லிஃப் கம்பனியிடம் போய் முதல் கடிதம் வரும்போதே 75 பவுண். அதற்குப் பிறகு குறைந்தது முழுதாக ஏழு நாள் தருவார்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. அதற்குள் பேசி முடிக்காமல் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால் இன்னொரு 235 பவுண். கடன் 1500 பவுணுக்கு மேல் என்றால் மேலதிகத் தொகைக்கு ஏழரை வீதம் தனி. பொருளைத் தூக்கி விற்கும் கட்டம் வந்தால் இன்னும் 110. வாசலில் யாரும் பதில் சொல்லவில்லை என்பதற்காக அந்த 235 குறையாது. இதில் ஒரு பென்ஸ்கூடக் கவுன்சிலின் கடனைக் குறைப்பதில்லை, எல்லாம் கம்பனிக்குப் போகும் காசு.

காரையும் மறந்துவிடுகிறோம். வீட்டுக் கதவு பூட்டியிருக்கும், கார் தெருவில் நிற்கும். வந்தவர் அதன் சக்கரத்தைப் பூட்டும் கிளாம்ப் போட்டுவிட்டுப் போவார். தவணை கட்டி முடியாத ஹயர் பர்ச்சேஸ் கார் சட்டப்படி இன்னும் உங்களுடையது அல்ல, அதை எடுக்கக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் புளூ பேட்ஜ் வைத்து ஓடும் காரையும் எடுக்கக்கூடாது. தொழிலுக்கு வேண்டிய கருவிகளுக்கு, வாகனமும் சேர்த்து, 1350 பவுண் வரை விலக்கு உண்டு. ஆனால் இன்றைய விலையில் டெலிவரி ஓடும் ஒரு வான் அந்த எல்லைக்குள் எங்கே அடங்கும்? வீட்டுக்குள் அடுப்பு, ஃபிரிட்ஜ், வொஷிங் மெஷின், கட்டில், படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பெரிய டிவிக்கு இல்லை.

சரி, பெய்லிஃப் களைத்துப்போய் கோப்பைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றே வையுங்கள். கடன் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கையில் கோர்ட் ஓர்டர் இருக்கும் கவுன்சில் உங்கள் சம்பளத்தில் வெட்டலாம், அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டில் வெட்டலாம், சொந்த வீடு என்றால் அதன் மேல் கடனை ஏற்றலாம், 5000 பவுண் தாண்டினால் வங்குரோத்து வழக்கும் போடலாம். வேல்ஸில் 2019ல் எடுத்துவிட்ட சிறைத் தண்டனை இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, 90 நாள் வரை. வேண்டுமென்றே கட்டாதவருக்குத்தான் அது. நடைமுறையில் அபூர்வம். ஆனாலும் கரண்ட் பில்லுக்கு இல்லாத சிறை இதற்கு மட்டும் ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கு உண்மையான கோபம் வாசலில் நிற்கும் அந்த ஆளின் மேல் இல்லை. அவர் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன் நடக்கும் ஒரு காரியத்தின் மேல்தான். வருடத்துக்கு 2000 பவுண் பில் என்று வையுங்கள். ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணை, மாதம் 200. ஏப்ரல், மே கட்டிவிட்டீர்கள். ஜூனில் வேலை மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், கட்டவில்லை. ஒரு நினைவூட்டல் கடிதம் வரும், ஏழு நாளுக்குள் கட்டு என்று. கட்டவில்லையென்றால், அதற்குப் பிறகு இன்னொரு ஏழு நாள் கழிந்ததும், தவணை என்ற சலுகையே போய்விடும். மீதி 1600 பவுணும் ஒரே தடவையில் கட்ட வேண்டிய கடன். இருநூறு கட்ட முடியாதவரிடம் ஆயிரத்து அறுநூறு கேட்கும் இந்த விதியை எழுதியவர் மாதக் கடைசியில் பெற்றோலுக்குச் சில்லறை எண்ணியவராக இருக்க முடியாது.

பிறகு மஜிஸ்ட்ரேட் கோர்ட் அழைப்பாணை. ஒரே காலையில் பெருந்தொகையான பெயர்களை மொத்தமாக வைத்து, கடனை வசூலிக்க வழிவிடும் 'லயபிலிட்டி ஓர்டர்' என்ற கோர்ட் ஓர்டரை வாங்கிவிடுவார்கள், கோர்ட் செலவையும் உங்கள் கணக்கிலேயே ஏற்றுவார்கள். "காசு இல்லை" என்பது அங்கே எதிர்வாதம் ஆகாது. ஏற்கெனவே கட்டிவிட்டேன், அந்த வீட்டுக்குப் பொறுப்பு நான் அல்ல, விதிப்படி கடிதம் அனுப்பவில்லை என்ற மாதிரியான காரணங்களைத்தான் கேட்பார்கள். 2025ல் அரசு பன்னிரண்டு தவணையைப் பொது வழக்கமாக்குவது பற்றியும் முழுத் தொகையை இவ்வளவு அவசரமாகக் கேட்பது பற்றியும் மக்களிடம் கருத்துக் கேட்டது. கேட்டது நல்லது. 1993ல் தொடங்கிய வரி, இங்கிலாந்தில் இன்னும் 1991 வீட்டு விலையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அவசரமெல்லாம் வசூலிக்கும்போது மட்டும்தான்.

நான் வாசித்த கடிதங்களில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியவை வேறு. கட்டவே தேவையில்லாத கடனுக்காக வந்த கடிதங்கள். ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் நம் பிள்ளைகள் அறை அறையாக எடுத்து இருக்கும் வீடுகளைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அறைக்கு வாடகை கொடுக்கும் வீட்டில் கவுன்சில் டாக்ஸ் பொதுவாக வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. அவர் 'பில்லை உன் பெயரில் போடு தம்பி' என்று சொன்னால், தம்பியும் அண்ணை சொல்கிறாரே என்று போட்டுவிடுகிறான். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வரி இல்லை, ஆனால் அதைக் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும், தானாக நடக்காது. அதில் ஒருவர் படிப்பை முடித்து வேலைக்குப் போனால் அந்த வீட்டுக்கு பில் வரும், 25 வீதக் கழிவோடு, அந்த ஒருவரின் பெயரில். விசா இன்னும் இருக்கிறது, நான் மாணவன்தானே என்று இருந்துவிடுவார்கள். கோர்ஸ் முடிந்த திகதிதான் கணக்கு.

இன்னொன்று, விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை', அதாவது அரசு உதவித்தொகை கேட்கக்கூடாது, என்று இருப்பவர்கள் எந்தக் கழிவும் கேட்கக்கூடாது என்று பயந்து இருக்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ் சலுகைகளில் குறைந்த வருமானத்துக்குக் கவுன்சில் தரும் வரிக்குறைப்பு மட்டும்தான் பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது, அதைக் கேட்கக்கூடாது, உண்மை. ஆனால் தனியாக இருப்பவருக்கான 25 வீதக் கழிவும் மாணவர் விலக்கும் பப்ளிக் ஃபண்ட்ஸ் அல்ல. ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த மாணவரின் கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவராக, விசாவில் அந்தத் தடையோடு இருந்தால், அவரையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது. கவுன்சில் ஆபீசில் போன் எடுக்கிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், இந்த வரிப் பிணக்குகளைத் தீர்க்கும் வலுவேஷன் ட்ரிபியூனலுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கடன் உண்மையாகவே உங்களுடையது என்றால், பேச வேண்டிய இடம் கவுன்சில், பேச வேண்டிய நேரம் அந்த 75 பவுண் கடிதத்துக்கு முன். பிந்திவிட்டாலும் அந்த ஏழு நாளுக்குள் பேசுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று ஈமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும். வீட்டில் கடும் நோயாளியோ கர்ப்பிணியோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயோ இருந்தால் அதையும் எழுதுங்கள். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பெய்லிஃப்களுக்கு அரசு 2014ல் வெளியிட்ட தேசிய நெறிமுறையில், பலவீனமான நிலையில் இருக்கக்கூடியவர்கள் என்ற பட்டியலில், ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ விளங்கிக்கொள்ளவோ கஷ்டப்படுபவர்களும் இருக்கிறார்கள். நம் அம்மாக்களில் எத்தனை பேர் அதற்குள் வருவார்கள்! அதைச் சொன்னால் கடன் மறையாது. ஆனால் கோப்பைத் திருப்பி எடுக்கச் சொல்லி கவுன்சிலிடம் கேட்க அது ஒரு காரணம்.

இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பிக்காதீர்கள். வாசலில் நிற்கும் அந்நியரிடம் 'அம்மாவிடம் காசு இல்லையாம்' என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டியதில்லை.

கடன் ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெப்ட்லைன் மூன்றும் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து 'பிரீதிங் ஸ்பேஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. கடன் ஆலோசகர் வழியாகப் போனால் 60 நாளுக்குப் பெய்லிஃப் எதுவும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் மூச்சு விட்டுக் கணக்குப் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு மானம் போகிறது என்று தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கிப் பெய்லிஃபின் கையில் மொத்தமாகக் கொடுப்பவர்களை என்ன சொல்வது? கவுன்சில் டாக்ஸ் கடனுக்கு வட்டி கிடையாது, லயபிலிட்டி ஓர்டர் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறுவதும் இல்லை. வட்டியில்லாத கடனை வட்டிக் கடனாக நாமே மாற்றிக்கொள்கிறோம். இணையத்தில் கிடைக்கும் 'என் வளவுக்குள் கால் வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற ரெடிமேட் கடிதத்தை நம்புகிறவர்கள் இன்னொரு வகை. கோர்ட் ஓர்டரை அந்தக் கடிதம் ஒன்றும் செய்யாது.

வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. குப்பை அள்ளுவதும் முதியவர் பராமரிப்பும் அந்தக் காசில்தான் நடக்கிறது, கவுன்சில்களின் கையும் காலிதான். ஆனால் லண்டனிலேயே ஹாமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2018ல் கவுன்சில் டாக்ஸுக்குப் பெய்லிஃப் அனுப்புவதை நிறுத்தியது. ஒரு கவுன்சிலால் முடிந்தால் மற்றவர்களால் ஏன் முடியாது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். நம் ஆட்களே பலர் கவுன்சிலர்களாக இருக்கிறார்கள், பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்துகிற கையோடு இதையும் கேட்கலாமே.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். ஏப்ரல் பில் வருவதற்கு முன்னமே பத்துத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. 2000 பவுண் பில்லில் மாதம் 33 பவுண் குறையும்.