பானர்மேனைக் கட்டபொம்மன் வெட்டினாரா?

கோயில் கொடையில் போட்ட நாடகத்தின் வாள்சண்டைக் காட்சி ஒன்று திருநெல்வேலிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘கட்டபொம்மன் பானர்மேனை வெட்டிச் சாய்த்த உண்மை வரலாறு’ என்று தலைப்பு வேறு.

தவறு. பானர்மேன், கட்டபொம்மன் மீது படையெடுத்து வந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) மேஜர். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்தது கோட்டைச் சண்டை. வெளியே பீரங்கி, உள்ளே மண்கோட்டை. முதல் தாக்குதலில் பின்வாங்கியது கும்பினிப் படைதான். இதையெல்லாம் சின்ன மேடையில் எப்படிக் காட்டுவது? இரண்டு பேர், இரண்டு அட்டைக்கத்தி, பக்கத்தில் ஆர்மோனியம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நாடகக்காரரைக் குறை சொல்லவில்லை.

சரி, பானர்மேன்? கயத்தாறில் விசாரணை நடத்தி, அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட வைத்ததே அவர்தான். அப்புறம் பினாங்கு ஆளுநராகி, 1819இல் அங்கேயே இறந்தார்.