மனநலக் கேள்வித்தாளில் வந்த மார்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து விடியும் முன்பே பஸ் ஏறி கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போகிற பிள்ளையிடம், அதுவும் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம், சரியாகத் தூக்கம் இல்லையா, களைப்பாக இருக்கிறதா, படிப்பில் கவனம் நிற்கவில்லையா என்று கேட்டால் என்ன பதில் வரும்? மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கக் கொடுக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் இந்த மூன்றுமே இருக்கின்றன. 2001-ல் வெளியான தாள் அது. 9 கேள்வி, கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம், பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பேசிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்!

தாள் மோசம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஆய்விலேயே மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. ஆனால் 100 பேர் படிக்கிற வகுப்பில் 10 பேருக்குத்தான் உண்மையில் மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: அந்தப் பத்தில் 9 பேர் மாட்டுவார்கள், மீதி 90-ல் மனச்சோர்வே இல்லாத 11 பேரும் மாட்டுவார்கள். அந்த 11 பேருக்கும் முத்திரை குத்திவிட்டால் யார் பொறுப்பு?

தாளின் நம்பகத்தன்மைக்குக் கணக்கிடும் ஆல்ஃபா என்ற எண் 0.8-க்கு மேல் வந்திருக்கிறது, அதனால் நம்பலாம் என்கிறார்கள், தாளைக் கொடுக்கிறவர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அது காட்டும். பயந்த பிள்ளைகள் எல்லாவற்றிலும் ஒரேமாதிரி குறைத்துப் போட்டாலும் ஆல்ஃபா நன்றாகவே வரும்.

அக்கா மகள் வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். தாள் ஆங்கிலத்தில், மேலே ரோல் நம்பர், பெஞ்சுக்கு மூன்று பேர். சாவு பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பக்கத்துப் பெண் 1 போட்டிருக்கிறாள், வாங்குவதற்கு டீச்சர் வருவதைப் பார்த்ததும் அழித்து 0 ஆக்கிவிட்டாளாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் சரிபார்த்த தாளைக் கொடுங்கள், தனியாக உட்கார்ந்து எழுத விடுங்கள், வகுப்பு டீச்சர் கையில் அது போகவே கூடாது. ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே கவுன்சிலர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். கவுன்சிலரே இல்லாத கல்லூரி முதலில் ஒருவரை வேலைக்கு எடுக்கட்டும், தாளை அப்புறம் கொடுக்கலாம். அதுவரை பிள்ளைகளிடம் அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் நம்பரைச் சொல்லிவையுங்கள்: 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.